லாட்ஜ் டிவியில் ஒரு மலைநாடு

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு வருடத்தில் இரண்டு விதமான நாட்கள்தான் உண்டு. சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டும் நாட்களில் உட்கார்ந்து சாப்பிட நேரமிருக்காது. மற்ற நாட்களில் வரவேற்பறையில் இருந்துகொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வந்து குளித்துவிட்டுப் போவார்கள். தை கழிந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு ஆனி பிறக்கும்வரை பேரருவிப் பாறையில் கொடி மாதிரித் தண்ணீர் வடியும். எங்கள் லாட்ஜில் படுக்கை விரிப்புகளெல்லாம் துவைத்து மடிக்கப்பட்டு அலமாரியில் கிடக்கும்.

நான் தென்காசிக்காரி. கல்யாணமாகிக் குற்றாலம் வந்தபோது துணிப்பெட்டிகளோடு, டிவியில் மாட்டி விளையாடும் ஒரு கேம் கன்சோலும் என்னோடு வந்தது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது பிடித்த பழக்கம். தோழியின் லேப்டாப்பில் ஆர்.பி.ஜி. வகை விளையாட்டு ஒன்றை முதல்முதலாகப் பார்த்தேன். நாமே ஒரு ஆளை உருவாக்கி, அந்த ஆளாகவே ஒரு கற்பனை தேசத்தில் திரிய வேண்டும். ஊர் ஊராகப் போகலாம், சண்டை போடலாம், எதிரே வருகிறவர்களோடு பேசலாம். நாம் பேசுகிற பேச்சுக்குத் தக்கபடி கதை மாறும். அன்றிலிருந்து வேறு வகை விளையாட்டு எதுவும் எனக்கு ஒட்டவில்லை. கார் ஓட்டுவது, பந்து உதைப்பது, வரிசையாகச் சுட்டுத் தள்ளுவது எல்லாம் கொஞ்ச நேரத்தில் சலித்துவிடும்.

எனக்கு இதில் பிடித்தது சுற்றித் திரிவதுதான். சண்டை எனக்கு வராது. கதையையும் அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றாது. புதிதாக ஒரு மலைச்சரிவைக் கண்டால் ஏறிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது வருகிற பல விளையாட்டுகளில் வரைபடம் முழுக்கப் புள்ளி வைத்துத் தந்துவிடுகிறார்கள். இங்கே புதையல், அங்கே குகை, இந்த மேட்டில் நின்று பார்த்தால் காட்சி அழகாக இருக்கும் என்று அம்புக்குறி போட்டுச் சொல்கிறார்கள். எங்கள் லாட்ஜுக்கு வருகிறவர்களும் வந்ததும் வராததுமாக, "மொத்தம் எத்தனை பாயின்ட் இருக்கு, எல்லாத்தையும் மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். முடித்துவிடலாம். ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று ஆட்டோக்காரர் இறக்கிவிட்டு இறக்கிவிட்டு ஏற்றிக்கொள்வார். சாயங்காலம் தலை துவட்டிக்கொண்டு வந்து, "எல்லாம் பாத்தாச்சு" என்பார்கள். அவர்கள் சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி விளையாட என்னால் முடியாது. நான் முதல் வேலையாக வரைபடத்துப் புள்ளிகளை அணைத்துவிடுவேன்.

வீட்டில் டிவி மாமியாருடையது. சீரியல் இல்லாத நேரத்திலும் அதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஆள் வராத மாதங்களில் கன்சோலை லாட்ஜ் வரவேற்பறை டிவியில் மாட்டிக்கொள்ள என் கணவர் சம்மதித்தார். அவரும் விளையாடுவார். ஆனால் அவருக்குச் சண்டை மட்டும்தான். அவர் பாணியே வேறு. ஊருக்குள் யார் என்ன சொன்னாலும் பட்டனைத் தட்டித் தட்டித் தாண்டிவிட்டு, "அடிக்க வேண்டிய ஆளு எங்க நிக்கான்?" என்று தேடிப் போவார்.

இந்த வருடம் மாசி மாதத்தில் புதிதாக ஒரு விளையாட்டை ஆரம்பித்தேன். மலைநாடு ஒன்று. பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராத அண்ணனைத் தேடி ஒரு பெண் கிளம்புகிறாள். ஒருநாள் அவளைக் காட்டுக்குள் நடத்திக்கொண்டிருந்தபோது மாமியார் கீரையோடு வந்து பின்னால் சோபாவில் உட்கார்ந்தார். வீட்டில் கேபிள் வேலை செய்யவில்லையாம். திரையைப் பார்த்தபடியே கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு ஏட்டி இந்தப் பிள்ள? ஒத்தையில காட்டுக்குள்ள போறா?"

"அவ அண்ணனத் தேடிப் போறா அத்த. பட்டாளத்துக்குப் போனவன் வரல."

"ஒரு போன்கூடப் போடலியா அவன்?"

"அங்க போனெல்லாம் கிடையாது அத்த."

"அதான பாத்தேன்," என்றவர், கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் வழக்கம்போலப் பாதையை விட்டு விலகி ஒரு ஓடையோரம் போனேன். அங்கே தனியாக ஒரு குடிசை இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை, எடுத்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. மேசையில் இரண்டு தட்டும் ஒரே ஒரு கோப்பையும் இருந்தன. இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் நான் விளையாடுவதே. புதையல் வைத்திருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். ஒன்றுமில்லாததால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பார்த்திருந்தால், "இதுக்கா இவ்வளவு தூரம் நடந்த?" என்றிருப்பார்.

மாமியாரும் பார்த்துக்கொண்டேயிருந்தார். "ரெண்டு பேரு சாப்பிடுதாங்க. அதுல ஒருத்தருக்குத்தான் காப்பிப் பழக்கம் போல," என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒரு துணை கிடைத்தது.

மறுநாள் கேபிள் சரியாகிவிட்டது. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வரவேற்பறைக்கே வந்தார். டிவியில் ஓடுவது எல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் சொல்லிக்கொண்டே விளையாடினேன். யாராவது எதிரே வந்து பேசினால், நாம் பதில் சொல்வதற்கு மூன்று வாக்கியங்கள் திரையில் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் மூன்றையும் வாசித்துக் காட்டுவேன். முதலில் சும்மாதான் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டொரு நாளில், எதைச் சொல்ல வேண்டும் என்று அவரே முடிவு செய்ய ஆரம்பித்தார். அந்தப் பெண்ணுக்கு 'நம்ம பிள்ள' என்று பெயரும் ஆகிவிட்டது.

அவருக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. மூன்று பதிலும் அவருக்குப் பிடிக்காது.

"சத்திரக்காரன்கிட்ட, மழை விடுத வரைக்கும் ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன், பாத்திரம் வேணா கழுவித் தாரேன்னு சொல்லு."

"அப்படி ஒண்ணு இல்ல அத்த. காசு குடுக்கலாம், மிரட்டலாம், திரும்பிப் போகலாம். மூணுதான்."

"என்னத்த எழுதியிருக்கான்? மனுசங்க பேசுததக் கேட்டதே இல்லியா அவன்?"

கதை சொல்லும் விளையாட்டுகளில் எனக்கு வெகுகாலமாக இருந்த எரிச்சலும் அதுதான். ஒன்று தெய்வமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொள்ளைக்காரனாக இருக்க வேண்டும். நடுவில் சாதாரணமாக ஒரு வார்த்தை பேச வழியிருக்காது. ஆனால் நான் அதை அமைதியாகச் சகித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு முறையும் சண்டை பிடித்தார். அதற்காக அவர் எடுத்த முடிவெல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆளுடைய மூக்கு பிடிக்கவில்லை என்பதற்காக, கதையில் வந்த ஒரு நல்ல வைத்தியரை அவமானப்படுத்தி அனுப்பிவிட்டார். பிறகு வெகுநாள் காயத்தோடேயே நடந்தோம்.

பங்குனி வெயிலில் ஒரு ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். அங்கே படகு ஓட்டும் பெண் ஒருத்தி, பட்டாளத்திலிருந்து ஓடி வந்த ஒருவனைத் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தாள். காவலர்கள் வந்து நம் பிள்ளையைப் பார்த்து, "அவனைக் கண்டாயா?" என்றார்கள். உண்மையைச் சொல்லலாம், இல்லையென்று சாதிக்கலாம், சொல்வதற்குக் கூலி கேட்கலாம்.

"பாக்கலன்னு சொல்லு," என்றார் மாமியார், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

சொன்னேன். காவலர்கள் நம்பவில்லை. படகைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் எங்கள்மேல் கோபம். வீட்டுக் கதவுகளை அடைத்துக்கொண்டார்கள். போதாததற்கு, நாங்கள் காப்பாற்றிய ஆள் விடிவதற்குள், நாங்கள் இடையில் வாங்கியிருந்த குதிரையையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான்.

"அவன் முழியப் பாத்தப்பவே நெனச்சேன்," என்றார் மாமியார். அவர் அப்படி நினைக்கவேயில்லை. பாவம், ஒட்டிப்போன கன்னம் என்று அவனுக்காக உச்சுக்கொட்டியதை நான்தான் பக்கத்திலிருந்து கேட்டேனே!

மோட்டாருக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்கிய? பழைய இடத்துல ஆட்டத்தச் சேமிச்சு வச்சது இருக்கும்லா. அங்க போயி, பாத்தேன்னு மாத்திச் சொல்லு. குதிரையும் இருக்கும், ஊரும் இருக்கும்."

"அதெப்படிலே?" என்றார் மாமியார். "நேத்துச் சொன்னத, சொல்லவே இல்லன்னு ஆக்க முடியுமா?"

"முடியும்மா. கேமுல முடியும்."

"முடிஞ்சா நீ பண்ணிக்க. எனக்கு வேண்டாம். அந்தப் படகுக்காரி நம்ம மேல கோவமா இருக்கா, இருந்துட்டுப் போட்டும். அதுக்காக அவனப் பிடிச்சா குடுக்க முடியும்?"

அதுவரை நானும் தப்பாகப் போனால் பின்னால் போய் மாற்றிக்கொள்கிற ஆள்தான். அன்றோடு அந்தப் பழக்கம் விட்டது. குதிரை இல்லாமல் நடந்தே போனதில் விளையாட்டு மெதுவாகிவிட்டது. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. மேட்டையும் பள்ளத்தையும் கால்வைத்துக் கடந்ததில் அந்த மலைநாடு எனக்கு எங்கள் ஊர்த் தெருவைப் போல மனப்பாடமானது.

கணவர் வேறு வழியாக இந்த ஆட்டத்துக்குள் வந்தார். ஒரு கணவாயில் கவசம் போட்ட ஒருவன் வழிமறித்து நின்றான். நான் போய் முட்டிய ஒவ்வொரு முறையும் அடித்துப் போட்டான். மாமியாருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ஏலே, இங்கன வா. நம்ம பிள்ளய ஒருத்தன் போட்டு அடிக்கான்," என்று மகனைக் கூப்பிட்டார்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கன்ட்ரோலரை வாங்கினார். அவரும் தோற்றார். ஆனால் தோற்ற விதம் வேறு. ஒவ்வொரு முறை விழுந்ததும் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். "எடது தோளு எறங்குனா சுத்தி அடிக்கப் போறான்னு அர்த்தம். அப்ப பின்னால போகக் கூடாது, உள்ள போகணும்." சண்டை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர் வைத்திருந்த அளவுகோலை அன்றுதான் புரிந்துகொண்டேன். அடி வாங்கினால் ஏன் வாங்கினோம் என்று நமக்குத் தெரிய வேண்டும். எதிரிக்கு உடம்பில் பலத்தை மட்டும் கூட்டிவிட்டு, வெட்டிக்கொண்டே இரு என்று விடுவது சண்டையில்லை, விறகு பிளப்பது. நான் சண்டையை இரைச்சல் என்று நினைத்து ஒதுக்கியிருந்தேன். அவர் ஆடும்போது பார்த்தால் எதிரியின் உடம்பைப் படிக்கிற காரியமாக இருந்தது. கடைசியில் அந்தக் கவசக்காரன் முழங்கால் மடங்கி விழுந்தபோது மாமியார் கைதட்டினார்.

அதன் பிறகு மூன்று பேரும் ஒரே ஆட்டத்தை ஆடினோம். நடப்பது நான், பேசுவது அவர், அடிப்பது இவர்.

ஆனி பிறந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று இறங்கியது. மலையில் மேகம் கவிழ்ந்து சாரல் தொடங்கிய வாரத்திலேயே அறைகளெல்லாம் நிரம்பிவிட்டன. கன்சோலைக் கழற்றித் துண்டில் சுற்றி உள்ளே வைத்தோம். அப்போது நம் பிள்ளை, அண்ணன் இருக்கிற கோட்டைக்கு இந்தப் பக்கம், மலையடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆடிக் கடைசியில் தொடர்ந்து மழை. அருவிகளில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் அறைகளிலேயே அடைபட்டார்கள். மத்தியானம் கரண்ட் வேறு போய்விட்டது. சிவகாசியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அம்மா வரவேற்பறைக்கு வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மேலே வெந்நீர் கேட்ட அறைக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கி வரும்போது மாமியாரின் குரல் கேட்டது.

"படகையே கொளுத்திட்டாங்க, பாத்துக்கிடுங்க. இவ என்ன செய்வா? குதிரையும் போச்சு. நடந்தே போறா."

"ஐயோ. பொம்பளப் பிள்ள தனியா எப்படிம்மா?"

"தைரியசாலி. வழியில ஒருத்தன் மறிச்சான். நம்ம பையன்தான் போயி ஒரு வழி பண்ணுனான்."

நான் படியிலேயே நின்றுவிட்டேன். சிவகாசி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ள இப்ப எங்கம்மா இருக்கு?"

"மலையடிவாரத்துலதான் நிக்கா. சீசன் முடிஞ்சதும் கெளம்பணும்."

"அண்ணன் கெடைச்சிருவானா?"

"கெடைப்பான்," என்றார் மாமியார், ஒரு சந்தேகமும் இல்லாமல்.

அவர்கள் கிளம்புகிற அன்று அந்த அம்மா ஒரு காரச்சேவுப் பொட்டலத்தை மாமியார் கையில் திணித்தார். "அந்தப் பிள்ள வந்தா குடுங்க. நான் குடுத்தேன்னு சொல்லுங்க," என்றார். மாமியார் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். கார் போனதும் என்னைப் பார்த்து, "நான் கதைன்னுதான் நெனச்சுச் சொன்னேன். அவ நெசம்னு கேட்டுட்டா. பாதியில எப்படிடி சொல்லுதது?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்துவிட்டார். ஆனால் பொட்டலத்தைப் பிரிக்க விடவில்லை. "அவளுக்குன்னு குடுத்தது. அவ இருக்கும்போது பிரிப்போம்."

புரட்டாசியில் கூட்டம் வடிந்தது. கன்சோலை மறுபடி மாட்டினோம். மலையடிவாரத்தில் நம் பிள்ளை விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். காரச்சேவு கொஞ்சம் நமுத்திருந்தது. தின்றுகொண்டே கோட்டைக்கு ஏறினோம்.

அண்ணன் கிடைத்தான். ஆனால் அவன் இப்போது அந்தக் கோட்டைக்கே தளபதி. படகை எரிக்கச் சொன்ன உத்தரவு அவனுடையதுதான் என்று அங்கே போன பிறகு தெரிந்தது. ஊருக்கு வரமாட்டேன் என்றான். வாளை உருவினான். இந்த முறை திரையில் இரண்டே வழிதான் வந்தது: சண்டை போடு, வாளைக் கீழே போடு.

"கீழ போடு," என்றார் மாமியார். "கூடப் பொறந்தவன்."

கணவர் எழுந்தே நின்றுவிட்டார். "என்னம்மா நீ! இவ்வளவு நாளா இந்த வாள எதுக்குத் தீட்டுனேன்? இவன் எப்படி அடிப்பான்னு எனக்கு இப்பவே தெரியுது. ஒரே தடவையில முடிச்சிருவேன்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்த விளையாட்டில் இருந்த மிக நல்ல சண்டை அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றியது. ஆடுகிறவன் கற்ற எல்லாவற்றையும் கேட்கிற சண்டை. அதே சமயம், அது நடந்துவிட்டால் நாங்கள் நடந்து வந்த வழியெல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும் என்றும் தோன்றியது. என்னால் முடிவு செய்ய முடியவில்லை. சண்டை அவர் பங்கு, அதனால் அவரே முடிவெடுக்கட்டும் என்று கன்ட்ரோலரை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன்காரன் வாளோடு காத்துக்கொண்டிருந்தான். இவர் அவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டோ வாசலில் வந்து திரும்பிப் போனது. பிறகு பட்டனை அழுத்தினார். வாள் கல் தரையில் விழுந்து உருண்டது.

"ராத்திரி இவதான சோறு போடணும்," என்று அம்மாவைக் காட்டிச் சொல்லிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்தார். காது மடல் சிவந்திருந்தது.

அண்ணன் வாளை உறையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். அழுகையோ கட்டிப்பிடிப்போ இல்லை. நம் பிள்ளை தனியாக மலையிறங்கினாள். அம்பில்லை, புள்ளியில்லை. ஆட்டம் முடிந்து, செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கும்வரை நாமே அவளை நடத்திக்கொண்டு போகலாம். நான் நேர்வழியில் போகாமல் சரிவுப் பக்கமாகக் கூட்டிப்போனேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"வரலேன்னுட்டானே," என்றேன். சிவகாசி அம்மாவிடம் அவ்வளவு உறுதியாகச் சொன்னவருக்கு வருத்தமாக இருக்குமோ என்று நினைத்தேன்.

"வரலேன்னா விடு. உசுரோட இருக்கான்லா. இவளும் அடிபடாம எறங்கிட்டா," என்றார் மாமியார். காரச்சேவுத் தூளைக் கையில் தட்டி வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கு உண்மையாகவே அது போதுமானதாக இருந்தது. எனக்கும் போதும் என்றுதான் பட்டது. கணவர் மட்டும் இரண்டு நாள், "ஒரே தடவையில முடிச்சிருப்பேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது ஐப்பசி. மாலை போட்டவர்கள் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. நேற்று வேறொரு விளையாட்டைப் போட்டேன். கடலோர தேசம். மாமியார் எதிர்பாராமல், "இந்தா, அதக் குடு. நான் கொஞ்சம் நடத்திப் பாக்கேன்," என்று கன்ட்ரோலருக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். ஒரு குமிழ் ஆளை நடத்தும், இன்னொன்று பார்வையைத் திருப்பும் என்று சொல்லிக்கொடுத்தேன். கணவர் மறுபக்கமிருந்து, "மொதல்ல அடிக்கப் படி," என்றார். மாமியார் இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை. இரண்டு குமிழையும் ஒன்றாகத் தள்ளியதில் அந்த ஆள் ஒரு சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றான். பார்வை செங்குத்தாக மேலே போய்விட்டது. திரை முழுக்க நீலமும் ஓரத்தில் கொஞ்சம் மேகமும்.

குமிழை எப்படி இறக்குவது என்று காட்டக் கை நீட்டினேன். தட்டிவிட்டார்.

"இரு, இரு," என்றார். "வானம் நல்லாத்தான் போட்டிருக்கான்."